நான்கு லட்சம் கோகிலாக்கள்

நான் எழுதிய ஒரே புத்தகம் முப்பத்தெட்டுப் பக்கம். இலவசமாக இணையத்தில் போட்டேன். விலை வைத்துத் தொலைத்திருந்தால் ஒரு நாய்கூடச் சீந்தியிருக்காது, திருப்பூரில் நாலு லட்சம் பேர் நிம்மதியாக இருந்திருப்பார்கள். அவர்கள் யாருக்கும் என் பெயர் தெரியாது. தெரிந்தால் தேடி வந்து உதைப்பார்கள். நவநீதன் என்று பெயர்.

புத்தகத்தின் தலைப்பு ‘தொழிலாளியும் சந்தையும்: தொடக்க நிலைப் பயிற்சிகள்’. பதினாலு வருடத்துக்கு முன்னால், ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது எழுதியது. விஷயம் சுலபம்தான். ஓர் ஊரின் பொருளாதாரத்தைச் சூத்திரம் போட்டுக் கணிப்பதற்குப் பதிலாக, கம்ப்யூட்டருக்குள் ஆட்களைச் செய்து உலவ விடுவது. முகவர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மாணவர்கள் இன்சூரன்ஸ் ஏஜென்ட் நினைப்பில் சிரித்ததால் பொம்மைகள் என்றே எழுதிவிட்டேன். ஒவ்வொரு பொம்மைக்கும் நாலைந்து விதி கொடுத்தால் போதும். எத்தனை மணிக்கு எழும், என்ன கூலிக்கு வேலைக்கு வரும், எவ்வளவு நேரத்தில் அலுத்துப்போகும், எப்போது கோபித்துக்கொண்டு வேலையை விடும். அப்படி ஆயிரம் பொம்மைகளை ஒரு பொம்மை ஊரில் விட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் அங்கே சந்தை நடந்துகொண்டிருக்கும். யாரும் சொல்லாமலே கூலி ஏறும், இறங்கும், கடை மூடும், திறக்கும். முதல் தடவை பார்க்கிறவனுக்குப் புல்லரிக்கும். எனக்கும் புல்லரித்தது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

பிற்பாடு அரசாங்கம் உழைப்பு நேர வாரியத்தைத் தொடங்கியபோது, அதில் சேர்ந்த பொறியாளர்களில் பாதிப் பேர் என் புத்தகத்தில் கைப்பழக்கம் செய்தவர்கள். வாரியத்தின் கம்ப்யூட்டரில் திருப்பூரின் பனியன் தொழிலாளிகள் நாலு லட்சம் பேருக்கும் ஆளுக்கொரு பொம்மை இருக்கிறது. கம்பெனிகள் வேலை விதியை மாற்ற வேண்டுமானால் தொழிலாளியைக் கேட்க வேண்டியதில்லை. புது விதியைப் பொம்மைகள்மேல் ஓட்டிப் பார்ப்பார்கள். நூற்றுக்கு மூன்று பொம்மைக்கு மேல் வேலையை விட்டால் விதி தள்ளுபடி, இல்லாவிட்டால் அமல். சங்கம், கொடி, கேட் முன்னால் கோஷம் எல்லாம் போயிற்று. கோபப்பட வேண்டுமானால் உங்களுக்காகப் பொம்மை கோபப்படும். ஆரம்பத்தில் நல்லதும் நடந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் கேட்டு வந்த மனுவைப் பொம்மைகள் கூண்டோடு வேலையை விட்டு விரட்டின. அன்றைக்கு எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் போகிறவனைக் கூப்பிட்டு அந்தப் பொம்மைகளுக்கு அரிச்சுவடி எழுதியவன் நான்தான் என்று சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் முதலாளிகள் தரப்பிலிருந்து ஒரு மனு போனது. சாயங்காலம் நாலு மணி இடைவேளையை எடுத்துவிட வேண்டும் என்று. பத்தே நிமிஷ இடைவேளை அது. ஒரு டீ, நாலு வாய் தண்ணீர், பாத்ரூம். அது போய்விட்டால், மதியச் சாப்பாடு முடிந்து ஒன்றரைக்கு மெஷினில் உட்கார்ந்தவர்கள் ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ் ஏறும்வரை எழ முடியாது. வாரியம் ஓட்டிப் பார்த்தது. நாலு லட்சத்தில் ஒரு பொம்மைகூட முகம் சுளிக்கவில்லை.

என் அக்கா கோகிலா இருபத்திரண்டு வருடமாகத் துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காருகிறாள். மூத்திரத் தொற்று வந்து வந்து, போன சித்திரையில் இடது சிறுநீரகம் பாதி கெட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கவே கூடாது என்பது டாக்டரின் கண்டிப்பு. மதியத்துக்கு மேல் அவளுக்கு இருக்கிற ஒரே வழி அந்த நாலு மணி. அது போனால் மிச்சமிருக்கும் சிறுநீரகமும் போகும். எனக்கு அம்மா அப்பா இல்லை. அவள்தான் தைத்துத் தைத்து என்னைப் படிக்க வைத்தாள். ஆகவே மனுவின் முடிவை வாரியத்தின் பக்கத்தில் வரி வரியாகப் படித்தேன். ஏழாவது வரியைத் தாண்ட முடியவில்லை.

‘எழாமல் வேலை செய்யும் நேரம்: 4 மணி 40 நிமிடம்.’

என் புத்தகம், ஒன்பதாம் பக்கம், பயிற்சி ஒன்று. அதே எண். வாரியத்துப் பொம்மைகளுக்கு வயது, ஊர், கூலி எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு வேறு. இந்த ஒன்றை மட்டும் யாரும் போய் அளக்கவில்லை. என் மாணவன் எவனோ பயிற்சியிலிருந்து அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறான், நாலு லட்சத்துக்கும் ஒரே எண். ‘இது எடுத்துக்காட்டு மட்டுமே’ என்று அடிக்குறிப்பு போட்டிருந்தேன். அடிக்குறிப்பை எவன் படிக்கிறான்.

அந்த எண் எனக்கு எங்கே கிடைத்தது என்பதுதான் அடுத்த அசிங்கம். அக்காவுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டேன். அவ்வளவுதான் என் ஆராய்ச்சி.

ஞாயிற்றுக்கிழமை காலையில் காங்கேயம் ரோட்டில் இருக்கும் அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நான் காலேஜ்ல இருந்தப்ப உனக்கு ஒருக்கா போன் பண்ணிக் கேள்வி கேட்டனே, நெனப்பிருக்குதா?”

“எத்தனையோ போனு. எதைக் கண்டேன்?”

“எந்திரிக்காம எவ்வளவு நேரம் தைக்க முடியும்னு கேட்டேன். மத்தியானம் சாப்பிட்டு உக்காந்தா பஸ் ஏற வரைக்கும் உக்காரலாமுங்க, ஒண்ணும் தெரியாதுங்கன்னு சொன்னே.”

அக்கா பிழிந்துகொண்டிருந்த சட்டையைப் பக்கெட்டிலேயே போட்டுவிட்டுச் சிரித்தாள்.

“அதா? அன்னிக்கு ஆடிட்டு கண்ணு.”

“ஆடிட்டா?”

“வெளிநாட்டுக்காரங்க கம்பெனியப் பாக்க வருவாங்கல்லோ. அதுக்கு ஒரு வாரம் முன்னாலயே எச்.ஆர். ஆளு எல்லாத்தையும் வரிசையா நிக்க வெச்சு ஒப்பிக்க வெப்பான். பாத்ரூமு எப்ப வேணாப் போலாமுங்க. தண்ணி நல்ல தண்ணிங்க. பஸ் ஏற வரைக்கும் உக்காந்தாலும் அலுப்பே தெரியாதுங்க. நீ போன் போட்ட நேரம் அவன் பக்கத்துலயே நிக்கறான். நீ வேற, ரெக்கார்டு பண்றேன் மரியாதையாப் பேசுக்கான்னு ஆரம்பிச்சே. பொறவு என்னத்தச் சொல்லுவேன்? பாடம் பண்ணுனதச் சொன்னேன்.”

“எங்கிட்டயுமா?”

“வாயில அதான் வந்துச்சு.”

நான் பக்கெட்டுக்குப் பக்கத்தில் ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். கம்பெனிக்காரன் சொல்லிக்கொடுத்த பொய்யை என் அக்கா ஒப்பிக்க, நான் அதை மணிக்கணக்காக மாற்றிப் பாடப் புத்தகமாகப் போட்டிருக்கிறேன்.

“சரி, நெசமா எவ்வளவு நேரம் உக்காரலாம்?”

அக்கா ஈர விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருடத்தில் அவளை யாரும் இதை மெய்யாகவே கேட்டதில்லை என்பது அதிலேயே தெரிந்தது.

“ரெண்டு மணி நேரம். அதுக்கு மேல இடுப்பு வலிக்கும், முட்டிக்கிட்டு வரும். மாசத்துல மூணு நாளு அதுவும் கெடையாது.”

மறுநாள் கோவையில் வாரிய அலுவலகத்துக்குப் போனேன். ஜெசிந்தா என்கிற அதிகாரி. ஐம்பது வயதிருக்கும், சாந்தமான முகம். என் புத்தகத்தை அவளும் படித்திருந்தாள். எழுந்து நின்று வணக்கம் வைத்தாள். அதற்குப் பதில் அவள் என்னை அறைந்திருக்கலாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“சார், அந்த எண் எங்கிருந்து வந்துச்சுங்கிறது இப்ப முக்கியமில்ல. பொருந்துதான்னுதான் நாங்க பாப்போம்.” திரையை என் பக்கம் திருப்பினாள். “மெஷின்ல சென்சார் இருக்கு. ஒன்பது வருஷத்துத் தகவல். முதல் வருஷம் சராசரியா ரெண்டு மணி பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்திருக்காங்க. இப்போ இடைவேளைக்கு எழறதைக் கழிச்சுட்டுப் பாத்தா, நாலு மணி முப்பத்தெட்டு நிமிஷம். உங்க எண்ணுக்கும் நிஜத்துக்கும் ரெண்டு நிமிஷம்தான் வித்தியாசம்.”

“அது எப்படிங்க மாறுச்சு?”

“காண்ட்ராக்ட் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கிறாங்க இல்லையா. பொருத்தம்னு ஒரு மதிப்பெண் இருக்கு. தொழிலாளி தன்னோட பொம்மை மாதிரியே நடந்துகிட்டா நூறு. விலகிப் போனா குறையும். எழுபதுக்குக் கீழ போனவங்களைக் கம்பெனிங்க எடுக்கறதில்ல. எடுத்தா பொம்மைக் கணக்கு தப்பாயிடும்னு பயம்.”

“அடிக்கடி எந்திரிச்சவங்களை எல்லாம் வெளிய அனுப்பிட்டு, மிச்சம் இருக்கறவங்களை எண்ணிப் பாத்துட்டுப் பொருந்துதுங்கறீங்க.”

“நான் அனுப்பல சார். எனக்கும் அது பிடிக்கல.” அவள் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. “ஆனா சட்டத்துல ஒரு வழி இருக்கு. ஒரு எண்ணுக்கு மூலம் ஒரு ஆளுன்னு தெரிஞ்சா, அந்த ஆளையே கூப்பிட்டு விசாரிக்கலாம். அவங்க மறுத்துட்டா அந்த எண் செல்லாது. மறுபடி களத்துல போய் அளக்கற வரைக்கும் நாலு மணி பிரேக்கைத் தொட முடியாது. உங்க அக்காவை வரச் சொல்லுங்க. வியாழக்கிழமை, கம்பெனி கேண்டீன்லயே வெச்சுக்கலாம்.”

நான் படியிறங்கும்போதே அக்காவுக்குப் போன் போட்டேன். “வந்து சொல்லிப்போடறேன் கண்ணு, அதுக்கென்ன,” என்றாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

வியாழக்கிழமை கேண்டீனில் சாம்பார் வாசனைக்கு நடுவில் மேசை போட்டு ஜெசிந்தா உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பதிவு செய்யும் கருவி. கம்பெனியின் எச்.ஆர். ஆள் தூரத்தில் கை கட்டி நின்றான். அவன் அக்காவை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அக்கா கழுத்தில் அடையாள அட்டையோடு, முடிக்குத் துணி கட்டியபடி, மெஷினிலிருந்து நேராக வந்து நின்றாள்.

“அம்மா, பயப்படாம சொல்லுங்க. மதியம் உட்கார்ந்தா எழாம எவ்வளவு நேரம் வேலை செய்ய முடியும்?”

“பஸ் ஏற வரைக்கும் உக்காரலாமுங்க. ஒண்ணும் தெரியாதுங்க.”

ஜெசிந்தா என்னைப் பார்த்தாள். நான் எழுந்துவிட்டேன்.

“அக்கா, ரெண்டு மணி நேரம்னு எங்கிட்டச் சொன்னேல்ல?”

“அப்படியெல்லாம் ஒண்ணும் சொல்லலீங்க.”

“சித்திரையில ஆஸ்பத்திரியில ஆறு நாள் கெடந்தியே, அது எதுக்கு?”

“சளிங்க,” என்றாள் அக்கா. என் முகத்தைப் பார்த்தே சொன்னாள்.

ஜெசிந்தா வேறு வார்த்தையில் இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். பாவம், அவளால் முடிந்ததைச் செய்தாள். அக்கா இம்மி பிசகவில்லை. கடைசியில் ஜெசிந்தா கருவியை நிறுத்தி, “மூலநபர் நேரில் உறுதி செய்தார்” என்று தட்டச்சு செய்தாள். வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து நாலு மணி இடைவேளை கிடையாது. அதோடு போகவில்லை. இதுவரை பாடப் புத்தகத்து எண்ணாக இருந்தது, இனிமேல் சாட்சியுள்ள எண். யாரும் எதிர்த்துப் பேச முடியாது. அந்தப் புண்ணியமும் என்னையே சேர்ந்தது.

ஆறு பத்துக்குக் கம்பெனி பஸ் நிற்கும் இடத்தில் காத்திருந்தேன். அக்கா வந்தாள். பஸ்ஸில் ஏறாமல் என் பக்கம் வந்து நின்றாள்.

“யார் மிரட்டுனாங்க? அந்த எச்.ஆரா?”

“ஒருத்தரும் மிரட்டல. நீ கத்தாத, எல்லாரும் பாக்கறாங்க.”

“அப்புறம் என்ன எழவுக்கு அக்கா பொய் சொன்னே? உன்ற கிட்னி உனக்கு வேண்டாமா?”

அக்கா செல்போனை எடுத்து நீட்டினாள். வாரியத்தின் செயலி. தொழிலாளிகள் எல்லோருடைய போனிலும் இருப்பது. விசாரணை அறிவிப்பு போனதும், வழக்கம்போல வாரியத்தின் கம்ப்யூட்டர் இரண்டு விதமாகவும் ஓட்டிப் பார்த்து, சம்பந்தப்பட்டவருக்குத் தகவல் அனுப்பியிருந்தது. நேர்மையாகத்தான் அனுப்பியிருந்தார்கள். ‘நீங்கள் மறுத்தால்: இடைவேளை தொடரும். எட்டு மாதத்தில் அறுபது லைன்கள் வேறு மாநிலத்துக்கு இடம் மாறும். உங்கள் லைன்: ஆம்.’

“லைனுக்கு நாப்பது மெஷினு, அறுபது லைனுன்னா ரெண்டாயிரத்து நானூறு பேரு,” என்றாள் அக்கா. “என்ற லைன்ல பாதிப் பேரு ஒடிசாப் பொண்ணுங்க. நான் ஒருத்தி ஒண்ணுக்குப் போறதுக்காக அத்தனை பேரும் ஊருக்குப் போகோணுமா?”

நான் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது லைன் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். இருபத்தொன்றாம் பக்கம், பயிற்சி மூன்று, முதலாளிப் பொம்மை. ‘வேறு ஊரைவிடச் செலவு நூற்றுக்கு இரண்டு கூடினால் ஊரை மாற்றும்.’ ஒரு நாள் வேலையில் பத்து நிமிஷம் என்பது ஏறக்குறைய அந்த இரண்டுதான். அந்த இரண்டை நான் யாரையும் கேட்டு எழுதவில்லை. அக்காவுக்குப் போட்ட மாதிரி ஒரு போன்கூடப் போடவில்லை. அட்டவணையில் ஒரு கட்டம் காலியாக இருந்தது, செமஸ்டர் தொடங்க இரண்டு நாள் இருந்தது, இரண்டு என்று போட்டேன்.

இதை அவளிடம் மறைக்க எனக்கு மனசு வரவில்லை.

“அக்கா, இது பொய். அந்த ரெண்டு நான் சும்மா போட்டது. எந்த முதலாளியும் பத்து நிமிஷ டீக்காக ஊரை விட்டுப் போகமாட்டான்.”

அக்கா என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. சின்ன வயதில் நான் கணக்கில் தப்பு விட்டுவிட்டு வந்து நின்றால் அப்படித்தான் பார்ப்பாள்.

“நீ சும்மா போட்டே, செரி. மொதலாளி போனுக்கும் இதேதான வந்திருக்கும்? பக்கத்துக் கம்பெனிக்காரன் போயிருவான்னு இதுல போட்டிருந்தா, இவன் அதுக்கு முன்னால போவானா மாட்டானா? பேங்குக்காரன் இதைப் பாப்பானா மாட்டானா? நீ படிச்சவன், நீயே சொல்லு.”

அவள் சொன்னது சரி. முப்பத்தெட்டுப் பக்கம் எழுதியவனுக்கு விளங்காதது ஓவர்லாக்கில் உட்கார்ந்தவளுக்கு விளங்கியிருக்கிறது. எல்லோரும் நம்பிவிட்ட பிறகு அந்த எண் பொய்யா மெய்யா என்று கேட்பதில் அர்த்தமில்லை. எனக்கு அழுகை வந்தது. நடு ரோட்டில், நாற்பது பெண்கள் பஸ் ஜன்னலிலிருந்து பார்க்க, அழுதேன்.

“அழுவாத,” என்றாள் அக்கா. “ஒரு உதவி பண்ணு. ஒண்ணாந் தேதிக்கு இன்னும் மூணு வாரம் இருக்குது. எந்திரிக்காம இருக்கறது எப்படின்னு எனக்கே தெரியாது, புதுசா வந்த புள்ளைங்களுக்கு எங்க தெரியும்? ரெண்டு தடவை எந்திரிச்சாங்கன்னா பொருத்தம் கொறஞ்சு வீட்டுக்கு அனுப்பிருவான். நீதான் சுளுவாப் புரியறாப்ல எழுதுவியே. எங்களுக்கும் ஒரு புக்கு எழுதிக் குடு. அந்தப் பொம்மையாட்ட உக்காந்திருக்கறது எப்படின்னு.”

எழுதினேன். மாட்டேன் என்று சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பன்னிரண்டு பக்கம், பெரிய எழுத்து, படங்களோடு. இடுப்பு வலிக்காமல் பாரத்தைக் காலுக்குக் கால் மாற்றுவது எப்படி, மதியம் எதைச் சாப்பிடக் கூடாது, சென்சார் எழுந்ததாகக் கணக்கில் எடுக்காமல் எவ்வளவு தூரம் நிமிரலாம், மாதத்தில் அந்த மூன்று நாளை எப்படிச் சமாளிப்பது, யாராவது கேட்டால் என்ன பதில் சொல்வது. முதல் புத்தகத்தைவிட இது நன்றாக வந்திருந்தது. ஒடியாவிலும் இந்தியிலும் மொழிபெயர்க்க ஆள் பிடித்தேன்.

அச்சுக்குப் போகும் முன்னால் அக்காவிடம் காட்டினேன். வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். நாலாம் பக்கத்தில் விரல் நின்றது.

“காலையில பதினொரு மணிக்கு மேல தண்ணி குடிக்காதீங்கன்னு போட்டிருக்கறயே.”

“ஆமா. சரியா இருக்குமா?”

“நான் இந்த வாரம் பூரா நாலு மணிக்கும் எந்திரிக்காம இருந்து பாத்தேன். பதினொண்ணுன்னா அஞ்சு மணிக்குத் தாங்கறதில்ல.” போன சித்திரையில் டாக்டர் மணிக்கு ஒரு டம்ளர் குடிக்கச் சொன்னபோது பக்கத்தில் நின்று தலையாட்டியவன் நான். அக்கா பேனாவை எடுத்து என் கையில் கொடுத்தாள். “பத்துன்னு போடு கண்ணு.”

பத்து என்று திருத்தினேன்.